‘கூப்பிடு’ என்றொரு கட்டளை

புதிதாகச் சேர்ந்த இருவர் சென்ற மாதம் எங்கள் நிரல்நூலகத்தைச் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். இன்று கடையில் கிடைக்காத டிவிக்களுக்காக எழுதியவை, ஒரே வேலையை இரண்டு விதமாகச் செய்பவை, யாரும் பயன்படுத்தாதவை என்று மூன்று குவியல்களாகப் பிரித்தார்கள். நல்ல முறை. மூன்றாவது குவியலில் ‘கூப்பிடு’ என்ற கட்டளையும் இருந்தது. ஒலியைக் கூட்டு, குறை, சேனலை மாற்று, அணை என்று கட்டளைகள் இருக்கும் இடத்தில் ‘கூப்பிடு’ எதற்கு, டிவி யாரைக் கூப்பிடும் என்று அவர்களில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள். ஓரிரு செயலிகள்தான் அதைத் தொடுகின்றன என்பதையும் கணக்கெடுத்து வைத்திருந்தாள். கணக்கு சரிதான்.

நான் இந்த மாதத்தோடு விலகுகிறேன். திருவொற்றியூருக்கு அருகில் ஒரு கல்லூரியில் ஆய்வகம் நடத்தும் வேலை கிடைத்திருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் இதை ‘ரிட்டயர்மெண்ட்’ என்று கேலி செய்கிறார்கள். என் அம்மா கேலி செய்யவில்லை, கவலைப்பட்டார். “முப்பத்தி நாலு வயசுல இன்னாடி ரிட்டேரு? உங்கப்பன் ஹார்பர்ல அம்பத்தெட்டு வரைக்கும் கிரேன் ஓட்டுனாரு” என்றார். எங்கள் தொழிலில் ஆள்தான் விலகுவார், எழுதியது அப்படியே ஓடிக்கொண்டிருக்கும் என்று விளக்கினேன். அப்படியானால் சம்பளம் மட்டும் ஏன் நின்றுவிடுகிறது என்று கேட்டார்.

அந்தப் பெண்ணின் கேள்விக்காவது பதில் சொல்லலாம். சற்று நீளமான பதில் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் நூலகத்தில் புத்தகம் கிடையாது. டிவி, செட்டாப் பாக்ஸ், ஒலிபெருக்கி ஆகியவற்றை இயக்கும் செயலியை யாராவது எழுத நினைத்தால், ஒவ்வொரு கம்பெனி டிவியின் மொழியையும் அவர் கற்க வேண்டியதில்லை. எங்கள் நிரலைத் தம் செயலிக்குள் சேர்த்துக்கொண்டு, ‘ஒலியைக் கூட்டு’ என்றால் போதும். எந்த டிவி, எந்தச் சமிக்ஞை என்பதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். செயலி ஓடுவது போனிலா, கணினியிலா, உள்ளங்கை அளவுள்ள சின்னப் பலகையிலா என்பதைப் பற்றியும் அவர் கவலைப்பட வேண்டாம்.

ஒரு டிவியிடம் பேச மூன்று வழிகள் உண்டு. முதலாவது, ரிமோட்டில் இருந்து போகும் அகச்சிவப்பு ஒளி. டிவி அதைக் கேட்கும், பதில் சொல்லாது. இரண்டாவது, செட்டாப் பாக்ஸுக்கும் டிவிக்கும் இடையே போகும் கம்பி. அதில் மனம் வந்தால் பதில் சொல்லும். மூன்றாவது வைஃபை. அதில் நன்றாகவே பதில் சொல்லும். சுவரில் இருக்கும் சுவிட்சை யாராவது அணைத்துவிட்டால் மூன்றுமே இல்லை. வெளிநாட்டில் எழுதிய நூலகங்களில் இந்த நான்காவது நிலையே கிடையாது. நம் வீடுகளில் படுக்கப் போகும் முன் சுவிட்சை அணைக்காத கை எது? அதனால்தான் எங்கள் நூலகத்தை இங்குள்ளவர்கள் தேடி வந்தார்கள்.

நான் படித்தது மின்னணுப் பொறியியல். செங்குன்றத்துக்கு அப்பால் ஒரு கல்லூரி, பிறகு கேபிள் அலுவலகம் ஒன்றில் பழைய செட்டாப் பாக்ஸ்களைத் திறந்து மூடிய இரண்டு வருடங்கள். அந்த வருடங்களில் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு ராயபுரத்தில் ஜெபராஜ் அண்ணாச்சியிடம் சேர்ந்தேன்.

அவருடைய குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்தில் இருந்து வந்தது. கீழ்த்தளத்தில் அப்பா காலத்து மொத்தக் கடை: ரிமோட், வயர், பிளக், ஸ்டாண்டு. மாடியில் எங்கள் அலுவலகம். அலுவலகத்தின் ஒரு சுவர் முழுக்க இரும்புப் படிக்கட்டு போல அடுக்கு செய்து, படிக்கு நான்கைந்தாக டிவிக்களை வைத்திருந்தார். உப்புக்காற்றில் அவற்றின் திருகாணிகள் எல்லாம் துருப்பிடித்துப் பழுப்பாக இருக்கும். நாங்கள் அதைக் கொலு என்போம். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகும் அண்ணாச்சியும், “கொலுவுல ரெண்டாம்படி, இடப்பக்கம்” என்றுதான் அடையாளம் சொல்வார்.

அவர் நிரல் எழுதத் தெரிந்தவர். ஆனாலும் கடைக்காரராகத்தான் யோசிப்பார். குரல் உயராது. கோபம் வந்தால் கழுத்தில் தொங்கும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், துடைத்து முடிக்கும் வரை யாரும் பேச மாட்டோம். கெட்டுப்போன பொருளை எடுத்து வருகிறவரிடம் முதலில் விளக்கம் சொல்லக் கூடாது, முதலில் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பது அவர் அப்பா கடையில் வைத்த வழக்கம். மாடியிலும் அதுவே நடக்க வேண்டும் என்று விரும்பினார். சில நேரம் நடக்கவில்லை.

புதிய டிவி ஒன்றைக் கொலுவில் ஏற்ற ஒரு முறை உண்டு. அதை இங்கே எழுதி வைப்பது நல்லது. அசல் ரிமோட்டின் ஒவ்வொரு பட்டனையும் அழுத்தி, அதன் ஒளித்துடிப்பை மும்முறை பிடிப்போம். மூன்றும் ஒன்றாக இருந்தால் எழுதுவோம், இல்லாவிட்டால் பேட்டரியை மாற்றி மறுபடி. அடுத்து, பவர் பட்டன் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். ‘எரி’, ‘அணை’ என்று தனித்தனிச் சமிக்ஞை இருக்கிறதா, அல்லது ஒரே சமிக்ஞை எரிந்தால் அணைத்து, அணைந்தால் எரிய வைக்கிறதா? பெரும்பாலான டிவிக்கள் இரண்டாவது வகை. அங்கேதான் சிக்கல். டிவி எரிகிறதா என்று தெரியாமல் பவர் அனுப்பினால் நாம் நினைத்ததற்கு நேர்மாறாக நடக்கும். பிறகு சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுக் காத்திருப்போம். மறுபடி போட்டால் எந்த ஒலியளவில், எந்தச் சேனலில் விழிக்கிறது?

இதை எல்லாம் இருவர் சேர்ந்துதான் செய்ய வேண்டும். ஒருவர் கணினியில் கட்டளை அனுப்புவார். மற்றவர் கணினிக்கு முதுகைக் காட்டி டிவியைப் பார்த்து உட்கார்ந்து, கண்ணில் தெரிவதை உரக்கச் சொல்வார். என்னோடு பெரும்பாலும் மாத்தூரில் இருந்து வரும் ரஃபீக் உட்காருவான். “ஒலி ஏறிடுச்சு” என்று அவன் சொன்னால் அண்ணாச்சி உள்ளறையில் இருந்து கேட்பார்: “கோடு ஏறிச்சா, சத்தம் ஏறிச்சா? பாத்தத சொல்லு, நெனச்சத சொல்லாத.” திரையில் பச்சைக்கோடு நீண்டு, சத்தம் ஏறாத டிவி ஒன்று உண்மையிலேயே நான்காம்படியில் இருந்தது.

இப்போது ஒலிப்பூட்டு, அதாவது ஒலிக்கு நாங்கள் வைத்த வரம்பு. தங்கும் விடுதிகளுக்குச் செயலி செய்து தரும் ஒருவர் எங்களுக்குப் பெரிய வாடிக்கையாளர். அவருடைய விடுதி ஒன்றில் யாரோ பட்டனை அழுத்திப் பிடித்துவிட, டிவி அலறி, பக்கத்து அறையில் தூங்கிய கைக்குழந்தை வீறிட்டு, பெரிய சண்டையாகிவிட்டது. ஒலி ஓர் அளவுக்கு மேல் போகவே கூடாது, அதை யாரும் மீறக் கூடாது என்று அவர் கேட்டார். அண்ணாச்சி ஒப்புக்கொண்டார். நியாயமான கோரிக்கை என்றுதான் எங்கள் எல்லாருக்கும் பட்டது. அகச்சிவப்பில் டிவி தன் ஒலியளவைச் சொல்லாது, எனவே அனுப்பிய சமிக்ஞைகளை நூலகமே எண்ணிக்கொள்ளும், வசதியான அளவு வந்ததும் மேற்கொண்டு அனுப்பாது. கொலுவில் எல்லாப் படியிலும் சோதித்தோம். காதுக்கு இதமாக இருந்தது. அடுத்த பதிப்பில் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு புகார் வந்தது. எர்ணாவூரில் இருந்து ஓர் இயன்முறை மருத்துவர் எழுதியிருந்தார். படுக்கையில் இருப்பவர்களுக்காக அவருடைய குழு ஒரு செயலி செய்திருந்தது. சின்னப் பலகை ஒன்றில் அது ஓடும். பலகையோடு சேர்ந்த சின்னத் திரையில் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிரும், வேண்டிய கட்டம் ஒளிரும்போது கன்னத்துக்கு அருகில் உள்ள சுவிட்சைத் தட்டினால் அந்தக் கட்டளை டிவிக்குப் போகும். அதைப் பயன்படுத்தும் ஒருவர் வீட்டில் டிவி பழுதாகிப் புது டிவி வந்தது, அந்த டிவி எங்கள் புதிய பதிப்பில்தான் உண்டு, போட்டதில் இருந்து சத்தம் முன்போல் ஏறவில்லை என்பது புகார். இது பாதுகாப்புக்காக நாங்களே வைத்த வரம்பு, பிழையில்லை என்ற வழக்கமான பதில் அவருக்குப் போனது. புகாரும் மூடப்பட்டது.

இரண்டு நாள் கழித்து அலுவலகத்துக்குப் போன் வந்தது. நான்தான் எடுத்தேன். பேசியவர் தேசம்மா. அந்தப் புது டிவி வீட்டுக்காரி. கணவருக்குக் காது மந்தமாக இருந்தால் தனி ஒலிபெருக்கி ஒன்று வைத்துப் பார்க்கலாம் என்று மரியாதையாகத்தான் சொன்னேன்.

“அவருக்கு காது நல்லாத்தாம்மா கீது. அவரு கேக்கறதுக்கு இன்னாத்துக்கு அவ்ளோ சத்தம்? பக்கத்து வூட்டுக்கு கேக்கணும். அதுக்குத்தான்.”

பிறகு அவர் சொன்னதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். கணவர் ஏழுமலை விசைப்படகில் டிரைவராக இருந்தவர். மீன் கொட்டும் கிடங்குக்குள் தவறி விழுந்து கழுத்தெலும்பில் அடி. கழுத்துக்குக் கீழே அசைவில்லை. மூச்சுத் தசைகளும் பலவீனப்பட்டதால் குரல் கட்டிலுக்கு வெளியே கேட்காது. தேசம்மா விடியும் முன் காசிமேட்டுக்குப் போய், ஏலத்தில் மீன் எடுத்து, விற்று முடித்து, நண்பகலுக்குத்தான் வீடு திரும்புவார். இடையில் ஏழுமலைக்கு ஏதாவது தேவைப்பட்டால், டிவி சத்தத்தை முழுக்க ஏற்றுவார். அடுக்குமாடியின் அந்தத் தளத்தில் எல்லாருக்கும் அது தெரியும். ஏழுமலை வீட்டு டிவி கத்தினால் யாராவது ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். யாரும் கூடிப் பேசி முடிவெடுத்த ஏற்பாடு இல்லை. அப்படிப் பழகிவிட்டது.

நாங்கள் பதில் அனுப்பிய வாரத்தில் ஒரு காலை, அவருடைய சிறுநீர்க் குழாய் மடங்கிக்கொண்டது. இப்படி அடிபட்டவர்களுக்கு அது சாதாரண விஷயமில்லை. இரத்த அழுத்தம் தறிகெட்டு ஏறும், மண்டைக்குள் அடிக்கும், கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. அவர் கன்னத்தால் தட்டித் தட்டி ஒலியை ஏற்றினார். ஏறியது, பிறகு இதமான அளவில் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு மேரி அக்கா, ஏழுமலை பாட்டுக் கேட்கிறார் என்று நினைத்து வேலையைத் தொடர்ந்தார். அன்று மீன் சீக்கிரம் விற்றுத் தீர்ந்தது. தேசம்மா முன்னதாகவே வந்துவிட்டார். ஏழுமலை பிழைத்தார்.

“அன்னைலேந்து நான் மார்க்கெட்டுக்கு போவல” என்றார் தேசம்மா. “நான் குந்தற எடத்துல இன்னொருத்தி வந்து குந்திட்டான்னு நேத்து சேதி வந்துது. நீங்க எப்போ சரி பண்ணுவீங்க?”

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. “நாம பெட்டிய தொறக்கவே இல்லியேம்மா” என்றார். அவ்வளவுதான்.

அன்று பிற்பகலே ரஃபீக்கும் நானும் எர்ணாவூர் போனோம். பூட்டை எடுத்துவிட்ட தற்காலிகப் பதிப்பு ஒன்றை ரஃபீக் மடிக்கணினியில் தயாராக வைத்திருந்தான்.

கட்டில், டிவி, அதன் கீழே எங்கள் நிரல் ஓடும் பலகை, ஒரு மின்விசிறி. ஏழுமலை ஐம்பதைத் தொடாதவர். தலைமுடி ஒழுங்காகச் சீவி, பவுடர் போட்டுவிடப்பட்டிருந்தது. காதை அருகில் கொண்டுபோனால்தான் அவர் பேசுவது கேட்கும்.

“உங்க ஆபீஸ்தான் என் வாய்க்கு பூட்டு போட்டுதா?” என்றார். முகத்தில் சிரிப்பிருந்தது. “இவ இருவது வருசமா டிரை பண்றா, முடியல.”

“பேசாம இருய்யா” என்றார் தேசம்மா.

தற்காலிகப் பதிப்பை ஏற்றினோம். சத்தம் ஏறியது. எங்கள் வேலை முடிந்தது என்று ரஃபீக் நினைத்தான், நானும் நினைத்தேன். தேசம்மா நினைக்கவில்லை. டிவி அணைந்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். முதலில் பவர் கொடுத்து, பிறகு சத்தத்தை ஏற்ற வேண்டும் என்றேன். எரிவதை அணைந்திருக்கிறது என்று தப்பாக நினைத்துப் பவர் போனால்? அணைந்துவிடும். அவர் என்னைப் பார்த்தார். நான் ரஃபீக்கைப் பார்த்தேன்.

இன்னொன்றையும் அங்கேதான் அறிந்தோம். மேரி அக்கா கடைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்ப்பார். ஏழுமலை கண்ணை மூடியிருந்தால், தூங்குகிறார், கரண்டு வீணாகிறது என்று சுவர் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போவார். நல்ல மனதோடு செய்வது. அந்தச் சுவிட்சின் மேல் அன்றைக்கே கறுப்பு டேப் ஒட்டினோம்.

அலுவலகத்தில் பேசினோம். ரஃபீக் இரண்டு யோசனைகள் வைத்தான். முதலாவது, ஏழுமலைக்கு மட்டும் பூட்டில்லாத தனிப் பதிப்பு. அண்ணாச்சி தலையாட்டவில்லை. “ஒருத்தருக்குன்னு தனியா செஞ்சா நாம அத மறந்துருவோம்லா. அடுத்த பதிப்புல அது அழிஞ்சு போவும். அன்னைக்கு இன்னொரு தடவ குழா மடங்கும்” என்றார். இரண்டாவது, டிவியை விட்டுவிட்டுச் சைரன் ஒன்று வைப்பது. இதை ஏழுமலையிடமே போனில் கேட்டோம். தேசம்மா போனை அவர் வாயருகில் பிடித்திருக்க வேண்டும்.

“சைரனா? இங்க சைரன் ஊதுனா கம்பெனில கேஸு லீக்குன்னு அல்லாரும் மூஞ்ச பொத்திகினு ஓடுவானுங்க, நைனா. நான் மட்டும்தான் ஓட முடியாது. வேணாம்.”

அண்ணாச்சிக்கு விடுதி வாடிக்கையாளரும் நினைவில் இருந்தார். மீற முடியாத பூட்டு என்று வாக்குக் கொடுத்தவர் அண்ணாச்சிதான். பூட்டை எடுப்பதும் வைப்பதும் செயலி எழுதுகிறவர் விருப்பம் என்று விட்டுவிடலாமே என்றேன். எழுதுகிற எல்லாரும் எடுத்துவிடுவார்கள், விடுதியில் மறுபடி குழந்தை அழும் என்றார். அதுவும் உண்மை. “லாட்ஜுக்காரரு சொல்லுததும் சரி, இவரு சொல்லுததும் சரி. ஒரே பட்டன்ல ரெண்டு பேரு கை வெச்சிருக்காவ. யாரு கைய தட்டிவிடச் சொல்லுத?”

“சத்தத்தக் கூட்டுறதும் ஆளக் கூப்புடுறதும் ஒண்ணு இல்ல அண்ணாச்சி. ரெண்டுக்கும் ஒரே பட்டன் இருக்கிறதுதான் பிரச்சினை.”

அண்ணாச்சி கொலுவின் பக்கம் திரும்பினார். “அப்ப வேற பேரு வையி” என்றார்.

அப்படித்தான் ‘கூப்பிடு’ பிறந்தது. ஒலியைக் கூட்டும் கட்டளைக்குப் பூட்டு அப்படியே இருக்கும். ‘கூப்பிடு’ வேறு கட்டளை, அதற்குப் பூட்டு கிடையாது. அண்ணாச்சி விடுதி வாடிக்கையாளரை அழைத்து, இப்படி ஒன்று வரப்போகிறது, உங்கள் செயலியில் அதைச் சேர்க்காவிட்டால் உங்களுக்கு அது இல்லை என்று முன்கூட்டியே சொன்னார். பிரிந்து போனாலும் போகட்டும் என்ற முகத்தோடுதான் பேசினார். அவர் பிரியவில்லை.

பெயர் வைப்பது சுலபம். அந்தக் கட்டளை என்ன செய்ய வேண்டும் என்பது கடினம். டிவி அணைந்திருந்தால் எரிய வேண்டும், எரிந்தால் எக்காரணத்தாலும் அணையக் கூடாது. ஒலி முடக்கப்பட்டிருந்தால் விடுபட வேண்டும். பிறகு டிவியின் முழு ஒலி. இத்தனையும் பதில் சொல்லாத டிவியிடம்.

முடக்கம் தொல்லை தரவில்லை. ஒலியைக் கூட்டினால் தானாக விடுபடும், கொலுவில் ஒன்றைத் தவிர எல்லாமே அப்படித்தான். பவர்தான் இடித்தது. நாங்கள் பிடித்து வைத்திருந்த பட்டன் ஒவ்வொன்றையும், டிவி அணைந்த நிலையில் ஒரு முறை, எரியும் நிலையில் ஒரு முறை என்று மறுபடி அனுப்பிப் பார்த்தோம். முன்பு சோதித்ததெல்லாம் எரியும் டிவியில்தான். அணைந்த டிவிக்குச் சேனல் எண்ணை அனுப்பிப் பார்க்க யாருக்குத் தோன்றும்? முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ரஃபீக் சொன்னான்: “மூணு அனுப்புனியா? எரியுது.”

எண் பட்டனை அழுத்தினால் அந்த டிவி தூக்கத்தில் இருந்து விழித்துக்கொள்கிறது. விழித்திருக்கும்போது அழுத்தினால் சேனல்தான் மாறும், அணையாது. பவர் பட்டனைத் தொடவே வேண்டாம். கொலுவில் பாதிக்கு மேல் இதே குணம், ஏழுமலை வீட்டு டிவியும் சேர்த்து. அந்தக் குணம் இல்லாத டிவிக்களில் ‘கூப்பிடு’ கட்டளையைத் தர மாட்டோம், ‘இந்த டிவியால் முடியாது’ என்று தெளிவாகச் சொல்லிவிடுவோம் என்று முடிவெடுத்தோம். பாதி நம்பிக்கை தருவதைவிட இல்லை என்று சொல்வது மேல் என்பதில் அண்ணாச்சி பிடிவாதமாக இருந்தார்.

இயன்முறை மருத்துவரின் குழு தங்கள் செயலியில் ‘கூப்பிடு’ கட்டம் ஒன்றைச் சேர்த்தது. மறுபடி எர்ணாவூர். இந்த முறை அண்ணாச்சியும் வந்தார். டிவியை அணைத்தோம். நான் டிவியைப் பார்த்து உட்கார்ந்தேன். ஏழுமலையின் கன்னம் சுவிட்சைத் தட்டியது. எரிந்தது. ஒலி ஏறியது, இதமான அளவைத் தாண்டி, முழுக்க. ஏதோ நகைக் கடை விளம்பரம். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் அதிர்ந்தது. பார்த்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னேன், எனக்கே கேட்கவில்லை.

யாரும் வரவில்லை.

காத்திருந்தோம். விளம்பரம் முடிந்து இன்னொரு விளம்பரம் வந்தது. தேசம்மா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவரே ரிமோட்டை எடுத்து அணைத்தார். அண்ணாச்சி கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

நான் எழுந்து பக்கத்துக் கதவைத் தட்டினேன். மேரி அக்கா உள்ளே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சத்தம் கேட்டதா என்று கேட்டேன்.

“கேக்காம? காது கிழிஞ்சிது. கம்பெனிக்காரங்க டிவிய செக்கு பண்ணிகினு கீறாங்கோன்னு குந்தினு இருந்தேன். நீங்க மூணு பேரு உள்ள போனத மாடி பூரா பாத்துது. நடுவுல நான் வந்து இன்னா பண்றது, டீ போடறதா?”

பார்த்ததைச் சொல் என்று எங்களைப் பழக்கிய அண்ணாச்சிக்கு இது புதிது. பார்க்க ஆள் இருந்தால் நடக்காத சோதனை. வாசலில் செருப்பை மாட்டியபடி, “நாம இருந்தா இது வேலை செய்யாது. நாம போவணும்” என்றார். எப்போது கூப்பிடுவது என்பதை ஏழுமலையிடமே விட்டோம். எங்களிடம் சொல்ல வேண்டாம், மேரி அக்காவிடமும் சொல்ல வேண்டாம். தேசம்மா மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார். யாராவது வருவதை அவரே கண்ணால் பார்க்க வேண்டும். ஆனால் வீட்டில் இருந்தால் யாரும் வர மாட்டார்கள். எனவே வழக்கம்போல விடியும் முன் கூடையோடு கிளம்புவது, மார்க்கெட்டுக்குப் போகாமல் தெருமுனை டீக்கடையில் நிற்பது என்று பேசிக்கொண்டோம். துணைக்கு நான்.

மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் வந்திருந்தது. தேசம்மா கடைக்குப் பக்கவாட்டில், கட்டடத்தில் இருந்து தெரியாதபடி, காலிக் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து அவர்கள் தளத்தின் நடைபாதை முழுக்கத் தெரியும். தண்ணீர் லாரி வந்து போயிருந்தது, குடங்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தார். கூப்பிடுவதற்குக் கணவருக்கு ஒரு காரணம் வேண்டும், சும்மா கூப்பிட வெட்கப்படுவார் என்றார். மார்க்கெட்டில் தன் இடத்தில் உட்கார்ந்தவள் நல்லவள்தான், கேட்டால் நகர்ந்துகொள்வாள் என்றார். இன்னும் ஒரு வாரம் போனால் நகர மாட்டாள் என்றும் சொன்னார்.

டிவி சத்தம் வந்தபோது டீக்கடைக்காரரே நிமிர்ந்து பார்த்தார். பக்திப்பாடல் ஒன்று, பாதி வரியில் தொடங்கி, தெருமுனை வரை. தேசம்மா எழுந்து நின்றார். கூடை உருண்டது. நான் அதை எடுக்கவில்லை. மாடியில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. குடம் தூக்கிக்கொண்டிருந்த ஒருவர் படியில் நின்று திரும்பினார். அதற்குள் மேரி அக்காவின் கதவு திறந்தது. வாயில் பிரஷ், நுரை, ஒரு கையில் துண்டு. நடைபாதையில் விறுவிறுவென்று நடந்து உள்ளே போனார்.

சத்தம் நின்றது.

தேசம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். எப்போது பிடித்தார் என்று தெரியவில்லை. மேரி அக்கா வெளியே வந்து கைப்பிடிச் சுவர் ஓரம் நுரையைத் துப்பிவிட்டு, படியில் நின்றவரைப் பார்த்து உரக்கச் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

“ஒண்ணும் இல்ல, போ. மூக்கு அரிக்குதாம். அதுக்கு முருகன கூப்ட்டு ஊரையே எழுப்புறான்.”

“அந்தாளுக்கு எப்பவும் அந்த மூக்குதான்” என்றார் தேசம்மா. உருண்ட கூடையை எடுத்துத் தட்டினார். புடவை முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினார். ஏலம் முடிந்திருக்கும், சில்லறை வியாபாரத்துக்காவது போகிறேன் என்றார். வீட்டைப் பார்க்கவில்லை. வந்த ஷேர் ஆட்டோவை நிறுத்தி, கூடையை முதலில் உள்ளே தள்ளி, ஏறிக்கொண்டார்.

அண்ணாச்சிக்குப் போன் செய்தேன்.

“என்னம்மா பாத்த?”

“தேசம்மா அக்கா காசிமேட்டுக்கு ஆட்டோ ஏறிட்டாங்க, அண்ணாச்சி.”

“மேல போய் அவர ஒரு எட்டு பாத்துட்டு ஏறினாவளா?”

“இல்ல. இங்கேந்தே ஏறிட்டாங்க.”

“சரி” என்றார். “பதிப்ப வெளியிடு.”